மணல் சூடேறும் முன்

“பறவைகள் எங்கும் ஓடிவிடப் போவதில்லையே சார், எட்டு மணிக்குப் போனால் என்ன?” என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். சென்ற ஆண்டு பங்குனி முதல் வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடத்தில் பறவை பார்க்கப் போவதாகவும், விருப்பமுள்ளவர்கள் காலை 5.45 மணிக்குத் திருவானைக்காவலில் வந்து கூடவேண்டும் என்றும் நான் அறிவித்திருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

விடியற்காலையில்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும், அப்போதுதான் அதிகமாகப் பாடும் என்று பதில் சொன்னேன். பறவை நூல் எதைப் புரட்டினாலும் இந்தப் பதில் கிடைக்கும். அது சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். மறு பாதி பறவைகளிடம் இல்லை. காற்றிலும் ஒளியிலும், முக்கியமாக நம் காலடி மணலிலும் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியனாகிய நான் அந்த மறு பாதியைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அதில் ஒரு பகுதியை நான் புத்தகத்தில் கற்கவில்லை, அன்று ஆற்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது அல்லவா? தெற்கே செல்வது காவிரி, வடக்கே செல்வது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடப்பவையே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ள நீருக்கான வடிகால். பங்குனியில் அங்கே போய்ப் பார்த்தால் ஆறு என்று சொல்ல வேண்டியது மணலைத்தான். அகன்ற மணல்வெளி, அதன் நடுவே நூலாக ஓடும் நீர், அங்கங்கே குட்டைகள், நாணல் புதர்கள். மனிதக் கண்ணுக்கு இது வற்றிய ஆறு. பறவைகளுக்கோ இதுதான் விருந்து. பரந்த நீரில் சிதறிக் கிடந்த மீன்களெல்லாம் குட்டைகளில் நெருங்கி வந்துவிடுகின்றன.

இன்னொரு காரணத்துக்காகவும் நான் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தேன். வடக்கே இருந்து வந்து தங்கிய வாலாட்டிகளும் உள்ளான்களும் புறப்படும் காலம் இது. நம் ஊர்ப் பறவைகள் பல கூடு கட்டத் தொடங்கும் காலமும் இதுவே. போகிறவர்களையும் குடித்தனம் தொடங்குகிறவர்களையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். போகிறவர்களுக்கு ‘புறப்படு’ என்று யார் சொல்கிறார்கள்? பகலின் நீளம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் திருச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். வடக்கே 60 டிகிரி அட்சரேகையில் அது சுமார் 13 மணி நேரம். இங்கே கிடைக்கும் இந்தச் சிறு அடையாளத்தை மட்டும் நம்பிப் பறவை புறப்படுவது கடினம். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் என்னும் விஞ்ஞானி 1960-களில் கதிர்க்குருவி இனத்தைச் சேர்ந்த பறவைகளைப் பகலும் இரவும் மாறாமல் 12 மணி நேரம் வீதம் இருக்கும் அறையில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார். வெளியிலிருந்து எந்த அடையாளமும் கிடைக்காதபோதும் அவை உரிய பருவம் நெருங்கியபோது இரவில் அமைதியிழந்து சிறகடித்தன. பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

நிற்க. நம் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அக்கரைக் குயில் இக்கரைக்கு வந்தது எப்படி?

நாங்கள் மொத்தம் பத்துப் பேர். மாணவர்கள் எட்டுப் பேர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், நான். கையில் இரண்டு பைனாகுலர், ஒரு நோட்டுப் புத்தகம், ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு வெப்பமானி. வெப்பமானி எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல்காரன் கோவிலுக்குப் போனாலும் அளவுகோலோடுதான் போவான் என்று நண்பர் கேலி செய்தார்.

ஆற்றில் இறங்கியபோது மணி 6.10. இன்னும் சூரியன் எழவில்லை. வெறுங்காலில் நடந்தவர்களுக்கு மணல் சில்லென்று இருந்தது; நீரில் காலை வைத்தால் வெதுவெதுப்பு. வெப்பமானியும் அதையே சொன்னது: மணல் 21 டிகிரி, நீர் 25 டிகிரி. ஒரே இரவு, ஒரே வானம், ஆனால் மணல் மட்டும் ஏன் அதிகம் குளிர்ந்தது? ஒரு கிராம் நீரின் வெப்பம் ஒரு டிகிரி மாற ஒரு கலோரி வேண்டும். மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். மேலும் உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே இரவு முழுவதும் தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கும்போது, இழப்பு முழுவதும் மேலே உள்ள சில அங்குல மணலின் தலையில்தான் விழுகிறது. கீழிருந்து உதவி வந்து சேர்வதில்லை. பகலில் இதே கதை தலைகீழாக நடக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

குளிர்ந்த மணல் தன்மேல் படிந்த காற்றையும் குளிர்விக்கிறது. சாதாரணமாக மேலே போகப்போகக் காற்று குளிரும் என்று படித்திருக்கிறோம். தெளிந்த, காற்றோட்டமில்லாத விடியலிலோ தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். இதை வெப்பத் தலைகீழ் நிலை என்பார்கள். இனி ஒலியைக் கவனியுங்கள். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். எனவே விடியலில் ஒலி கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் செல்கிறது. மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் பொதிமணலிலும் மறு சக்கரம் கெட்டித் தரையிலும் ஓடினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? மணல் பக்கம், அதாவது வேகம் குறைந்த பக்கம். ஒலியும் அப்படியே தரையை நோக்கி வளைகிறது.

எவ்வளவு வளையும்? 20 மீட்டர் உயரத்துக்குள் வெப்பம் 4 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஒலியின் பாதை ஏறக்குறைய 2.9 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில்லாகிறது. 400 மீட்டர் அப்பால் உள்ள பறவையின் குரல் சற்றே மேல்நோக்கிக் கிளம்பி, நடுவழியில் 7 மீட்டர் உயரத்தில் நாணல் புதர்களையெல்லாம் தாண்டி, மறுபடி இறங்கி நம் காதுக்கு வந்து சேர்கிறது. தரையை ஒட்டி வந்திருந்தால் புதர்களும் மணலும் அதைப் பெரும்பகுதி விழுங்கியிருக்கும்.

இந்த ஏழு மீட்டர் வில் எங்கள் பட்டியலில் ஒரு பிழையை உண்டாக்கப் பார்த்தது. இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் குயில் கூவிற்று. ‘இக்கரைத் தோப்பில் ஒன்று’ என்று எழுதினோம். சற்று நேரத்தில் இன்னொரு குழுவாகப் பிரிந்து நடந்தவர்கள் ‘அக்கரைத் தென்னந்தோப்பில் ஒன்று’ என்றார்கள். ஆக இரண்டு? எனக்குச் சந்தேகம். ஒரே இடத்தில் நின்று ஒலி வரும் திசையைக் கையால் காட்டச் சொன்னேன். முன்னூறு அடி நடந்துபோய் மறுபடி காட்டச் சொன்னேன். இரண்டு கைகளின் திசையையும் நோட்டில் கோடுகளாக வரைந்தபோது அவை அக்கரையில் போய்ச் சந்தித்தன. இக்கரையில் குயில் இல்லவே இல்லை. ஒலி தெளிவாகக் கேட்டால் ‘பக்கத்தில்’ என்று நம் மூளை முடிவுகட்டிவிடுகிறது. தெளிவு வேறு, அருகாமை வேறு. நோட்டில் குயிலுக்கு எதிரே 1 என்று திருத்தினோம்.

தூரத்தை ஒலியாலேயே அளக்க முடியாதா என்று கேட்டார்கள். முடியும், ஒலி பிறக்கும் கணத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தால். அக்கரையில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி கல்லில் படுவது தெரிந்து ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் கழித்துத்தான் ‘தொம்’ என்ற சத்தம் வந்தது. அப்படியானால் அவர் நானூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறார். குயில் வாய் திறப்பதை நாம் பார்ப்பதில்லையே, அதனால்தான் கோடு வரைய வேண்டியிருந்தது.

சூரியனை முதுகில் சுமந்து நட

சூரியன் 6.20 மணி வாக்கில் எழுந்தது. சம இரவு பகல் நாள் நெருங்கும் சமயமாதலால் ஏறக்குறைய நேர் கிழக்கு. கொள்ளிடம் கிழக்கு நோக்கி ஓடும் ஆறு. ஆகவே காலையில் பறவை பார்ப்பவர் நீரோட்டத்தை எதிர்த்து மேற்கே நடக்கவேண்டும். அப்போது வெயில் நம் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் முழுவதும் நமக்குத் தெரியும். எதிர்த் திசையில் நடந்தால் பனங்காடை, மைனா, மீன்கொத்தி எல்லாம் கறுப்புத் தாளில் வெட்டிய உருவங்கள்தான். முதல் தடவை போனபோது இதைக்கூட யோசிக்காமல் கிழக்கே நடந்து, கண் கூசியதுதான் மிச்சம் என்று திரும்பியவன் நான்.

பைனாகுலரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன்மேல் 8×40 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து. பைனாகுலரிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் இந்த 5 மில்லிமீட்டர். விடியலின் மங்கிய ஒளியில் நம் கண்மணியின் துவாரமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு விரிந்திருக்கும். ஆகவே கிடைக்கும் ஒளி வீணாவதில்லை. கடைகளில் சட்டைப்பையில் போடும்படியான 8×21 கிடைக்கிறது. அதில் கற்றையின் தடிமன் 2.6 மில்லிமீட்டர்தான். நண்பகலில் குறை தெரியாது. ஆறு மணிக்கு உலகமே மங்கலாகத் தெரியும். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விற்பவற்றை வாங்கி ஏமாறாதீர்கள். கை நடுக்கமும் அதே இருபது, முப்பது மடங்கு பெரிதாகும்.

மணி ஏழு இருக்கும். குட்டையொன்றின் மேல் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் சின்ன மீன்கொத்தி. வெயில் நேராக அதன் முதுகில் விழுந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் பத்துப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் பனங்காடை. அது சிறகை விரித்துப் பறந்தபோது இன்னொரு நீலம்.

இந்த நீலத்தில் நீலச்சாயம் ஒரு துளியும் கிடையாது என்றால் நம்புவீர்களா? மீன்கொத்தியின் மார்பில் உள்ள ஆரஞ்சு நிறம் உண்மையான சாயம். முதுகின் நீலம் அப்படியல்ல. இறகின் இழைகளுக்குள்ளே கெரட்டின் என்ற பொருள், பஞ்சைப் போலத் துளைகளோடு அமைந்திருக்கிறது. அடியில் கருநிறச் சாயம். துளைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால், அவற்றில் பட்டுத் திரும்பும் அலைகளில் நீலப் பகுதி ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொள்கிறது. மற்ற நிறங்கள் உள்ளே புகுந்து கருஞ்சாயத்தில் மறைகின்றன. இறகை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நீலம் போய்ப் பழுப்பாகத் தெரியும். உரலில் இட்டு நசுக்கினாலும் நீலம் போய்விடும். சாயமாக இருந்தால் போகுமா? (சோதனை ஆர்வத்தில் பறவை இறகு சேகரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். அதற்கு வனவிலங்குச் சட்டம் இடம் தராது. கீழே கிடந்தால் அங்கேயே பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.)

இந்த இடத்தில் நாங்கள் நின்றது ஒரு பொருத்தம்தான். எங்களுக்குத் தெற்கே தெரிந்த திருவானைக்காவலில்தான் 1888-ல் சர் சி.வி. ராமன் பிறந்தார். கடலின் நீலத்தைப் பற்றி ராமன் ஆராய்ந்தது எல்லோருக்கும் தெரியும். பறவையின் நீலத்தைப் பற்றியும் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில், அதன் தொடக்க நாட்களிலேயே, பறவை இறகுகளின் நிறம் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. எடுத்துக்கொண்ட பறவை வேறெதுவுமல்ல, நம் பனங்காடைதான்! வானம் நீலமாகத் தெரிவதைப் போன்ற வெறும் ஒளிச்சிதறல்தான் இறகின் நீலத்துக்கும் காரணம் என்று அப்போது பொதுவாக நம்பினார்கள். அது போதாது, ஒளியலைகளின் குறுக்கீடும் இதில் இருக்கவேண்டும் என்பது ராமனின் வாதம். நீண்ட காலம் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1998-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிரம் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீல இறகுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, துளைகளின் அமைப்பில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கணித முறையில் காட்டியபோது, குறுக்கீடு என்ற கருத்து நிலைபெற்றது. பாடப் புத்தகங்களில் பழைய விளக்கமே இன்றும் சில இடங்களில் தொடர்வதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த குட்டையில் சிறிய வெண்கொக்கு. அசையாமல் நின்று, சட்டென்று கழுத்தை நீட்டி ஒரு கெண்டைக் குஞ்சைப் பிடித்தது. நேராக மேலிருந்து பார்த்தால், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள மீன் 30 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தெரியும். தெரியும் இடத்தில் கொத்தினால் கொக்குக்குப் பட்டினிதான். இஸ்ரேலில் 1980-களில் கட்ஸிர் என்பவர் கடற்கரைக் கொக்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்துவதற்கு முன் அவை இந்த ஒளிவிலகலைச் சரிக்கட்டிக்கொள்வது தெரியவந்தது. என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு தேர்வில் தவறும். ஆனால் கொக்கின் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு. நீர்ப்பரப்பு கண்ணாடி போல் அசையாமல் இருக்கவேண்டும். விடியலின் குளிர்ந்த கனமான காற்று தரையில் படிந்து கிடக்கும்வரை காற்றோட்டம் குறைவு, நீரும் சலனமற்றிருக்கும். வெயில் ஏறி மணல் சூடானதும் காற்று கிளறப்பட்டு அலை எழும்பத் தொடங்கும். எட்டரை மணிக்கு மேல் குட்டையில் சிற்றலைகள் தோன்றியதையும், கொக்கு பலமுறை குறி தவறியதையும் நாங்களே பார்த்தோம்.

ஒன்பதரை மணி

எட்டரை மணிக்கே நான் நடையை முடித்திருக்கவேண்டும். முடிக்கவில்லை. பட்டியலில் அதுவரை 37 வகைகள் சேர்ந்திருந்தன. நாற்பதைத் தொட்டுவிடலாம் என்று மாணவர்களுக்கு ஆசை. எனக்கும்தான்.

மணல் திட்டு ஒன்றின் அந்தப் பக்கம் மூன்று சிறு பறவைகள் குடுகுடுவென்று ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. உப்புக்கொத்திகள். ஆனால் எந்த வகை? பட்டாணி உப்புக்கொத்தி என்றால் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும், காலும் மஞ்சள் சாயலாக இருக்கும். பைனாகுலரை வைத்துப் பார்த்தால் பறவைகள் நீரில் மிதப்பவை போல நெளிந்தன. வளையமாவது, காலாவது! காற்றின் ஒளிவிலகல் எண் வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மிக அற்பமான அளவு. ஆனால் சூடான மணலிலிருந்து வெந்நீர்க் குமிழ்களைப் போல எழும் காற்றுக் கற்றைகள் ஆயிரக்கணக்கில் நடுவே நிற்கும்போது, ஒவ்வொன்றும் ஒளியைச் சிறிது இப்படியும் அப்படியும் திருப்பிவிடுகிறது. இந்த நெளிவையும் பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கியே காட்டும். விலை உயர்ந்த பைனாகுலர் வாங்கினாலும் இதற்கு மருந்து இல்லை. ‘பட்டாணி உப்புக்கொத்தி என்றே எழுதிவிடலாம் சார், வேறு எது இங்கே வரப்போகிறது?’ என்றார் ஒருவர். ‘உப்புக்கொத்தி, வகை தெரியவில்லை, 3’ என்று எழுதச் சொன்னேன். முகம் சுருங்கியது. ஆனால் நெளிந்த காற்றில் நாம் பார்க்காத வளையத்தைப் பார்த்ததாக எழுதினால், நாளைக்கு அதை நம்பி வேறொருவர் கணக்குப் போடுவார்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று திட்டின்மேல் ஏறினோம். அப்போது மணி 9.36. ஏறியதுமே இரண்டு ஆட்காட்டிகள் எங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கின. சிவந்த மூக்கு, கறுத்த மார்பு, மஞ்சள் கால் எல்லாம் இவ்வளவு அருகில்! மாணவர்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒருவர் கடமை தவறாமல் வெப்பமானியை மணலில் செருகினார். 9.40 மணி, மணல் 43 டிகிரி, நீர் 27 டிகிரி. நோட்டில் பதிவாயிற்று. நான் அந்த இரண்டு எண்களையும் காட்டி, காலையில் சொன்ன தன்வெப்பக் கணக்கை மறுபடி விளக்கினேன். மணல் 22 டிகிரி ஏறியிருக்கிறது, நீர் இரண்டே டிகிரி! அருமையான எடுத்துக்காட்டு என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆட்காட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்து கையை ஆட்டியபடி வந்தார். “ஐயா, அதுக கத்துறது உங்களைப் பாத்துதான். முட்டை வெயில்ல கெடக்கு. நீங்க நகந்தாத்தான் அது வந்து குந்தும். இன்னும் செத்த நின்னீங்கன்னா வெந்துபோகும்” என்றார். எங்கே முட்டை? அவர் கோலால் காட்டினார். படம் எடுத்துக்கொண்டிருந்த மாணவரின் காலிலிருந்து நான்கு அடி தூரத்தில், கூடு என்று சொல்ல ஒன்றுமில்லாத சிறு பள்ளத்தில், கூழாங்கற்களைப் போலப் புள்ளி விழுந்த நான்கு முட்டைகள். அத்தனை பேரும் கீழே பார்த்தபடிதான் நின்றிருந்தோம். யார் கண்ணிலும் படவில்லை.

கோழி முட்டையை அடைகாக்கும் பெட்டியில் 37.5 டிகிரி வைப்பார்கள். மற்றப் பறவைகளுக்கும் அதை ஒட்டிய வெப்பமே தேவை. நாலைந்து டிகிரி கூடி அப்படியே நீடித்தால் உள்ளே இருக்கும் கரு பிழைப்பது கடினம். எங்கள் நோட்டில் 43 என்று எழுதியிருந்தது, அதுவும் எங்கள் கையெழுத்தில். வெப்பத்தைப் பற்றிப் பத்தாண்டுகளாக வகுப்பில் பேசிவரும் எனக்கு, அந்த எண் இன்னொரு உயிருக்கு என்ன பொருள் என்று தோன்றவே இல்லை. தோன்றியது ஆடு மேய்ப்பவருக்கு.

ஒருவர் பின் ஒருவராக, வந்த காலடித் தடத்திலேயே மிதித்து, நூறடி பின்வாங்கி நாணல் ஓரமாக உட்கார்ந்தோம். வெயிலில் எடுத்துப் போர்த்திவிட்டு வரலாமா, தண்ணீர் தெளிக்கலாமா என்று ஒரு மாணவி பதறினார். தொடவே வேண்டாம், அதற்குத் தெரியும் என்றார் பெரியவர். பறவை நேரே கூட்டுக்கு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அது முதலில் நீரோரம் போய்க் குனிந்து அமர்ந்து எழுந்தது, மறுபடி அமர்ந்தது. வயிற்று இறகுகளை நனைத்துக்கொள்கிறது! பிறகு சிறிது ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, இப்படியே தயங்கித் தயங்கி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அப்போது மணி 9.58. நாங்கள் திட்டில் ஏறியதிலிருந்து 22 நிமிடம்.

ஆட்காட்டி இப்படிச் செய்வதைப் பறவை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் எவ்வளவு பயன் என்று நாணல் நிழலிலேயே கணக்குப் போட்டோம். ஒரு கிராம் நீர் ஆவியாக 30 டிகிரி அளவில் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு முட்டை சுமார் 20 கிராம். நான்கும் சேர்ந்து 80 கிராம். முட்டையின் தன்வெப்பத்தை 0.8 என்று கொண்டால், நான்கு முட்டைகளையும் ஒரு டிகிரி குளிர்விக்க 64 கலோரி எடுத்தால் போதும். ஆக, பறவையின் வயிற்று ஈரத்தில் ஒரே ஒரு கிராம், முழுக்க முட்டைகளின் வெப்பத்தைக் கொண்டே ஆவியானால், அவை 9 டிகிரி குளிர்ந்துவிடும். உண்மையில் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி காற்றிலிருந்தும் மணலிலிருந்தும் பறவையின் உடலிலிருந்தும் வரும். ஏட்டுக் கணக்கு அப்படியே பலிக்காது. என்றாலும் பாதி பலித்தால்கூடப் போதும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். பறவையின் உடலே நிழல், அதன் ஈரமே குளிர்பதனம். நாங்கள் அங்கே நின்றவரை இரண்டுமே முட்டைகளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த முட்டைகள் பிழைத்தனவா? ரயில்வே நண்பரின் வீடு அக்கம்பக்கம்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு விடியலில் தனியாகப் போனவர், தூரத்திலிருந்தே பைனாகுலரில் பார்த்துவிட்டுத் திரும்பினார். பறவை உட்கார்ந்திருந்ததாம். மேற்கொண்டு நெருங்க அவருக்கும் மனமில்லை, கேட்க எனக்கும் துணிவில்லை.

அன்றைய பட்டியல் 38-ல் நின்றது. ஆட்காட்டிக்கு எதிரே 2 என்று எழுதினோம். கூடு இருந்த இடத்தைக் குறிக்கவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு யாராவது படம் எடுக்கப் போய்விடக்கூடாது.

இந்த ஆண்டு பங்குனியிலும் போனோம். இப்போது உலர்ந்த மணல் திட்டுகளின் மேல் ஏறுவதில்லை. நீரை ஒட்டிய ஈர மணலிலேயே நடக்கிறோம். ஆட்காட்டி தலைக்கு மேல் வந்து கத்தினால், எந்த நேரமானாலும் அங்கே நிற்பதில்லை. எட்டு மணிக்குப் போனால் என்ன என்று கேட்ட அந்த மாணவரும் வந்திருந்தார். வெப்பமானியை அவரிடமே கொடுத்தேன். 8.30 மணிக்கு அது 33 காட்டியது. கரையேறிவிட்டோம்.